உதவி: ஒரே கமலா ஆரஞ்சு மரம், தைப் பூவில் கொட்டை இல்லை, பங்குனிப் பூவில் நிறைய கொட்டை. ஏன்?

பண்ணைக்காட்டுத் தோட்டம்:
வணக்கம். கீழ்ப்பழனி மலையில் காப்பிக்கு நடுவே கொடை ஆரஞ்சு வைத்திருக்கிறோம். அதே வரிசையில் கொட்டையில்லாத ரகம் என்று வாங்கி நட்ட கமலா ஒட்டுச்செடி இப்போது நன்றாகக் காய்க்கிறது. தையில் பனிக்குள் பூத்த பூவில் வந்த பழத்தில் ஒரு கொட்டை கூட இல்லை. பங்குனியில் பூமழைக்குப் (காப்பியைப் பூக்க வைக்கும் மழை) பின் பூத்ததில் பழத்துக்கு ஏழெட்டு. உரமும் தண்ணீரும் மாறவில்லை. சூடு கூடினால் கொட்டை பிடிக்குமா? இந்த ரகத்தையே இன்னும் போட நினைக்கிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெரும்பாறைக்காரர்:
ஒட்டுக்குக் கீழ துளிர்த்த கிளை வளர்ந்து காய்ச்சிருக்கான்னு பாருங்க தம்பி. வேர்ச்செடிப் பழம்னா கொட்டை இருக்கும்.

பண்ணைக்காட்டுத் தோட்டம்:
பார்த்துட்டேன் அண்ணா. ஒட்டுக்கு மேல ஒரே கிளையிலதான் ரெண்டும்.

தோட்டக்கலை மாணவி:
அப்படின்னா இது கிளெமென்டைன்ங்கிற கமலா வகை மாதிரியான ரகமா இருக்கலாம். தன் மகரந்தத்தால கருவுறாது, கருவுறாமலே காய் பிடிக்கும். வேற ரக மகரந்தம் வந்தா கொட்டை வச்சுடும். உங்க வரிசையில கொடை ஆரஞ்சு இருக்கே!

சூடு இங்கதான் வேலை செய்யுது. மகரந்தம் பூ நடுவுல இருக்கிற சூல்முடியில விழுந்து, குழல் விட்டு, கொட்டையா மாறுற சூலை எட்டணும். 25 முதல் 30 டிகிரியில குழல் வேகமா இறங்கும். குளிர்ல மெதுவாகும், அதுக்குள்ள சூல் வாடிரும். கொட்டை வந்ததால மரம் கெட்டுடுச்சுன்னு நினைக்காதீங்க, இது ஒவ்வொரு பூவுக்கும் தனித்தனியா நடக்கிறது.

தேன்பெட்டி வளர்ப்பவர்:
இன்னொண்ணும் இருக்குங்க. தைப் பனியில தேனீ பெட்டியை விட்டு அதிகம் வெளிய வராது. பங்குனியில காப்பி பூக்கும்போது தோட்டமெல்லாம் தேனீ. குளிரா, தேனீ வராததான்னு எப்படிப் பிரிச்சுச் சொல்றது?

தோட்டக்கலை மாணவி:
சரியான கேள்விங்க ஐயா. தையில சில பூவுக்குக் கொடை ஆரஞ்சு மகரந்தத்தைக் கையாலேயே தடவி, அடையாளத்துக்கு நூல் கட்டுங்க. அப்பவும் கொட்டை இல்லைன்னா குளிர்தான் காரணம். கொட்டை வந்தா தேனீ வராததுதான். பங்குனியில ரெண்டு கிளையை மொட்டு விரியும் முன்னாடியே கொசுவலையால மூடுங்க. மூடினதுல கொட்டை இல்லாம, திறந்த கிளையில இருந்தா வெளி மகரந்தம்னு உறுதி. மூடினதுலயும் வந்தா ரகமே வேற, நட வேண்டாம்.

பண்ணைக்காட்டுத் தோட்டம்:
மரம் முழுக்க மூடிடலாமா? வலையை எப்ப எடுக்கணும்?

தோட்டக்கலை மாணவி:
முதல் வருஷம் வேண்டாம். சில ரகத்துல மகரந்தமே கிடைக்கலைன்னா காய்ப்பிடிப்பு குறையும். பூவிதழ் எல்லாம் உதிர்ந்ததும் எடுத்துடுங்க. ஸ்பெயின், கலிபோர்னியா பக்கம் பூக்கிற நாள்ல மரத்தையே வலை போட்டு மூடுறாங்க. புதுச் செடியை மட்டும் கொடை ஆரஞ்சை விட்டு எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வைங்க.