சாஸ்தா கோயில் குடும்பக் குழு: பானை யார் தூக்குவது?

ராமையா பெரியப்பா: அனைவருக்கும் காலை வணக்கம். பங்குனி உத்திரத்துக்கு நம் குலதெய்வம் சாஸ்தா கோயிலுக்குப் போக வேன் பேச வேண்டும். தலைக்கட்டு வரி இரண்டு வீட்டிலிருந்து இன்னும் வரவில்லை. எந்த வீடு என்று நான் சொல்லப்போவதில்லை. இந்த ஆண்டு பொங்கல் முறை சங்கர் வீடு.

செல்லம் அத்தை: 🙏🙏

சங்கர்: வரி நேற்றே அனுப்பிவிட்டேன் பெரியப்பா. ஆனால் கழுத்து பிடித்துக்கொண்டுவிட்டது, இடுப்பும் சரியில்லை. புனே, டெல்லி என்று ஓயாத அலைச்சல். ஊர் திரும்பினால் லேப்டாப் முன்னால். சென்னையிலிருந்து கார் ஓட்டி வர முடியாது. பொங்கல் வைக்கிற வெண்கலப் பானையையும் தூக்க முடியாது.

ராமையா பெரியப்பா: போன உத்திரத்துக்கும் டெல்லி.

இசக்கி சித்தப்பா: அண்ணாச்சி, விடியற்காலையிலேயே வேண்டாம்.

செல்லம் அத்தை: பாவம் பிள்ளை. வரட்டும், நான் ஒரு மிதி மிதிக்கிறேன். இரட்டைப் பிள்ளை பெற்றவள் கால் பட்டால் எந்தப் பிடிப்பும் நிற்காது.

மூர்த்தி: அத்தை மிதித்த இடம் எனக்கு மழை வந்தால் இன்றைக்கும் வலிக்கிறது.

செல்லம் அத்தை: அது நீ மாமரத்திலிருந்து விழுந்தது.

உமா: யாரும் மிதிக்க வேண்டாம். அண்ணா, கை மரத்துப்போகிறதா? டம்ளர் பிடித்தால் பிடி தளர்கிறதா?

சங்கர்: இல்லை. வலது பக்கம் திரும்ப முடியவில்லை. தோள்பட்டை வரை இழுக்கிறது.

உமா: காலில் பலம் குறைவு? தொடை இடுக்கில் மரமரப்பு? சிறுநீர், மலம் போவதில் மாற்றம்?

மூர்த்தி: குடும்பக் குழுவில் கேட்கிற கேள்வியா இது?

உமா: முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான். இதில் ஒன்று இருந்தாலும் நான் இங்கே எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்பியிருப்பேன்.

சங்கர்: ஒன்றும் இல்லை. எல்லாம் சரியாக இருக்கிறது. மிச்சத்தைத் தனியாகக் கேள்.

உமா: நல்லது. அப்படியென்றால் இது தசைப் பிடிப்புதான். பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணியும். ஆனால் படுத்தே கிடக்கக் கூடாது. படுத்தால் இன்னும் இறுகும். வலி பொறுக்கிற அளவுக்கு நடங்கள், கழுத்தை மெதுவாக இரு பக்கமும் திருப்புங்கள். இப்போது லேப்டாப்புக்கு வருகிறேன். தலையின் எடை சுமார் 5 கிலோ. நிமிர்ந்திருந்தால் கழுத்து அதைச் சிரமமில்லாமல் தாங்கும். 60 டிகிரி குனிந்தால் ஏறக்குறைய 27 கிலோ பாரம் கழுத்தில் இறங்குகிறது என்று 2014-இல் நியூயார்க் முதுகுத்தண்டு மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் கணக்குப் போட்டுக் காட்டினார். அது கணினியில் போட்ட கணக்கு. குனிந்தவுடன் எதுவும் ஒடிந்துவிடாது. ஒரே நிலையில் மணிக்கணக்காக உறைந்து இருப்பதுதான் தொல்லை. திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தினால் தட்டுகிற கை தூக்கிக்கொள்ளும். அதனால் விசைப்பலகையைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டல் அறையில் கட்டிலில் சாய்ந்து மடியில் வைத்துத் தட்டுகிறீர்கள். எனக்குத் தெரியும், மீனா மதினி படம் அனுப்பியிருக்கிறார். அறை அலமாரியில் துணி தேய்க்கும் பலகை இருக்கும். அதை இடுப்புக்கு மேல் உயர்த்தி நிறுத்தி, மேலே லேப்டாப்பை வைத்து நின்றபடி கொஞ்ச நேரம் வேலை பாருங்கள். அரை மணிக்கு ஒரு முறை எழுந்திருங்கள். தொலைபேசி அழைப்பு வந்தால் நடந்துகொண்டே பேசுங்கள்.

மீனா: 👍 பலகை விஷயம் நன்றாக இருக்கிறது.

இசக்கி சித்தப்பா: என் மகள்.

ராமையா பெரியப்பா: 27 கிலோ என்றால் ஒரு சிப்பம் அரிசிக்கு மேல். அவ்வளவு தாங்குகிற கழுத்து பானையைத் தாங்காதா? பானை 12 கிலோ கூட வராது.

உமா: பெரியப்பா!

மூர்த்தி: 😂

செல்லம் அத்தை: பானை யாரிடம் இருக்கிறது?

ராமையா பெரியப்பா: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

செல்லம் அத்தை: படித்துவிட்டேன் அண்ணாச்சி. பழைய வீட்டை விற்றபோது நீங்கள்தான் என் கையில் கொடுத்தீர்கள். நான் கேட்டு வாங்கவில்லை. கட்டிக்கொடுத்த வீட்டுச் சாஸ்தா வேறாக இருந்தும் ஆண்டுதோறும் புளி போட்டுத் துலக்கிக் கொண்டுவருகிறேன்.

இசக்கி சித்தப்பா: சங்கர் கழுத்தைப் பற்றிப் பேசுவோம்.

சங்கர்: அலுவலகத்தில் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள்.

உமா: இப்போது தேவை இல்லை. எடுத்தால் ஏதாவது தெரியத்தான் செய்யும். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் ஒரு ஆய்வு வந்தது. அதில் 20 வயதுக்காரர்களிலேயே 37 விழுக்காட்டினருக்கு முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கிற வட்டில் (டிஸ்க்) தேய்மானம், 80 வயதில் 96 விழுக்காடு. தலை நரைப்பது போலத்தான் அதுவும். அறிக்கையைப் படித்துவிட்டு அசையப் பயப்படுவதுதான் கெடுதல்.

இசக்கி சித்தப்பா: எனக்கும் இடுப்பு முதுகெலும்பில் எல் 4, எல் 5 என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து நான் குனிவதே இல்லை.

உமா: அப்பா, நேற்று வயலில் நாற்று முடி தூக்கியது யார்?

ராமையா பெரியப்பா: ஐந்தருவியில் ஒரு மணி நேரம் நிறுத்தினால் கழுத்தும் போகும், இடுப்பும் போகும்.

மூர்த்தி: எல்லாமே போய்விடும்.

இசக்கி சித்தப்பா: பங்குனியில் குற்றாலத்தில் ஏது தண்ணீர்? பாபநாசம் அகஸ்தியர் அருவி என்றால் சொல்லுங்கள்.

உமா: பிடித்த கழுத்தை எந்த அருவியிலும் காட்ட வேண்டாம். சென்னையில் முடிதிருத்தும் கடையில் தலையைப் பிடித்து நெட்டி முறிப்பார்கள், அதற்கும் தலையைக் கொடுக்காதீர்கள். கழுத்து ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு.

செல்லம் அத்தை: நொச்சி இலை ஒத்தடம்?

உமா: தாராளமாக. சூடு இதமாக இருக்கும். தோல் வெந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செல்லம் அத்தை: பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் தொக்கணம் என்று உடம்பைப் பிடித்துவிடுவார்கள். நம் பக்கத்து வீட்டு ஆசிரியருக்கு

செல்லம் அத்தை: அவர் மகளுக்கு வரன் வந்திருக்கிறதாம். மாப்பிள்ளை வீரவநல்லூர்.

பார்வதி: எந்தத் தெரு?

செல்லம் அத்தை: தனியாகச் சொல்கிறேன் மதினி.

மூர்த்தி: டிக்கெட் விஷயத்துக்கு வாருங்கள். 60 நாளுக்கு முன்பே திறந்துவிட்டார்கள், நெல்லை எக்ஸ்பிரஸில் காத்திருப்புப் பட்டியல். வந்தே பாரத்தில் இடம் இருக்கிறது.

சங்கர்: ஏறக்குறைய 8 மணி நேரம் உட்கார்ந்தே வர வேண்டுமே.

உமா: உட்கார்ந்தே ஏன் வர வேண்டும்? விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல், மதுரை என்று ஊர் வரும்போதெல்லாம் எழுந்து பெட்டிக்குள் நடங்கள். துண்டைச் சுருட்டி இடுப்பு வளைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியை மேலே ஏற்றுவதை வேறு யாராவது பார்க்கட்டும். உட்கார்ந்து உட்கார்ந்து விறைத்த உடம்போடு திடீரென்று பாரம் தூக்கும்போதுதான் பிடிக்கும்.

மூர்த்தி: படுத்து வர வேண்டும் என்றால் கீழ்ப்படுக்கை. பார்வதி சித்திக்குக் கிடைக்கும். பெண்களுக்கு 45 வயது போதும், மீனா மதினிக்கும் கிடைக்கும்.

மீனா: யாருக்கு 45?

மூர்த்தி: தவறுதலாக வந்துவிட்டது.

பார்வதி: நடுப் படுக்கை கிடைத்தால் சங்கர் காலை 6 மணி வரை நிமிர முடியாது. வந்தே பாரத்தே போடு. என் மகன் வராமல் இருக்க மாட்டான். போன முறை நடந்ததை இன்னும் எத்தனை நாள் பேசுவீர்கள்?

இசக்கி சித்தப்பா: மதினி சொல்வது நியாயம்.

ராமையா பெரியப்பா: நான் யாரையும் குறை சொல்லவில்லை. பானை யார் தூக்குவது என்று மட்டும் கேட்டேன்.

செல்லம் அத்தை: இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்தால் ஆயிற்று.

ராமையா பெரியப்பா: முறை வீட்டு ஆண் தனியாகத்தான் தூக்க வேண்டும். அப்படித்தான் வழக்கம்.

மீனா: முறை வீட்டுப் பெண் தூக்கலாமா?

மூர்த்தி: 👀

இசக்கி சித்தப்பா: கோயிலில் பேசிக்கொள்ளலாம்.

மூர்த்தி: வேன் 21 இருக்கை. முன்பணம் இன்று கேட்கிறார்.

உமா: பின் சக்கரத்துக்கு மேல் இருக்கிற இருக்கை அண்ணனுக்கு வேண்டாம், குலுக்கல் முழுவதும் முதுகில் இறங்கும். முன் சீட்டைக் கொடுங்கள், காலையும் நீட்டிக்கொள்ளலாம்.

ராமையா பெரியப்பா: முன் சீட்டு என்னுடையது.

செல்லம் அத்தை: மலைப் பாதையில் எனக்கு வாந்தி வரும். முன் சீட்டு எனக்கு என்று போன உத்திரத்திலேயே சொல்லிவைத்திருக்கிறேன்.