9, 7, 8 ஆகியவற்றைக் கூட்டினால் 978 வருகிறது: பைதன் மாறிகள் பயிற்சியில் உதவி தேவை

கேள்வி (உயர்தர வகுப்பு மாணவி, தலவாக்கலை)

அனைவருக்கும் வணக்கம். மாறிகளையும் (பெறுமானங்களுக்கு நாம் வைக்கும் பெயர்கள்) செயற்குறிகளையும் (+, -, * போன்றவை) பயன்படுத்தி, பைதன் என்ற நிரல் மொழியில் சொந்தமாக ஒரு நிரல் எழுதி வருமாறு எங்கள் சேர் சொன்னதால், அம்மா பறிக்கும் தேயிலைக் கொழுந்தின் கணக்கையே எடுத்துக்கொண்டேன். காலை, பகல், மாலை என மூன்று முறை நிறுக்கும் கொழுந்தைக் கூட்டி, 18 கிலோவுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கிலோவுக்கும் 40 ரூபாய் வீதம் கணக்கிட வேண்டும். இவை பயிற்சிக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள். இன்புட் வழியாக 9, 7, 8 என்று கொடுத்தால் மொத்தம் 24 வராமல் 978 வருகிறது. அதை விட்டுவிட்டு மொத்தத்தை நானே எழுதிப் பார்த்தேன்:

மொத்தம் = 24
கொடுப்பனவு = மொத்தம் - 18 * 40

இப்போது -696 வருகிறது. இரண்டு நாட்களாகப் பார்த்தும் பிழை எங்கே என்று பிடிபடவில்லை.

பதில் 1 (ஆசிரியர், ஹட்டன்)

தங்கச்சி, நல்ல கணக்கை எடுத்திருக்கிறீர்கள். மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்திருப்பதும் சரிதான். பைதன் 3 அதை ஏற்றுக்கொள்ளும்.

இன்புட், நாம் தட்டச்சு செய்வது எதுவாக இருந்தாலும் அதை எழுத்துச் சரமாகவே தரும். திரையில் 9 என்று தெரிந்தாலும் மாறிக்குள் இருப்பது '9' என்ற எழுத்து. எண்களுக்கு நடுவே + வந்தால் கூட்டும். சரங்களுக்கு நடுவே வந்தால் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டும். அதனால்தான் '9', '7', '8' மூன்றும் சேர்ந்து '978' ஆகிவிட்டன. ஒவ்வோர் இன்புட்டையும், சரத்தை முழு எண்ணாக மாற்றும் இன்ட் (int) என்பதற்குள் இட்டால் 24 கிடைக்கும்.

இரண்டாவது சிக்கல், செயற்குறிகளின் முன்னுரிமை. கழித்தலுக்கு முன் பெருக்கல் நடப்பதால் 18 * 40 = 720 ஆகி, 24 இலிருந்து 720 கழிகிறது. (மொத்தம் - 18) * 40 என்று அடைப்புக்குறி போட்டால் 240 வரும்.

பதில் 2 (பண்டாரவளை)

சேர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். தராசு எப்போதும் முழுக் கிலோவையே காட்டும் என்று இருக்க முடியாது. பகல் நிறுவை 7.5 என்று வந்தால், இன்ட் அந்தச் சரத்தை ஏற்காமல் வேல்யூ எரர் என்ற பிழைச் செய்தியோடு நிரலை நிறுத்திவிடும். இந்தக் கணக்குக்கு, சரத்தைத் தசம எண்ணாக மாற்றும் ஃப்ளோட் (float) தான் பொருத்தம். விடை 260 என்பதற்குப் பதிலாக 260.0 என்று வந்தால் பயப்பட வேண்டாம்; தசம எண் கலந்த கணக்கின் விடையும் தசம எண்ணாகவே வரும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஃப்ளோட்டுக்கு மாற்றி 9, 7.5, 8 என்று கொடுத்ததில் மொத்தம் 24.5 சரியாக வருகிறது. ஆனால் கொடுப்பனவு -60.0 என்கிறது. அடைப்புக்குறி போட்டிருக்கிறேன். பகல் நிறுவை வரை கூட்டி, கொடுப்பனவு வரியை எழுதிவிட்டு, அதன் கீழே மொத்தம் = மொத்தம் + மாலை என்று எழுதியிருக்கிறேன். மொத்தம் மாறும்போது கொடுப்பனவும் மாற வேண்டுமல்லவா?

பதில் 1 (ஆசிரியர், ஹட்டன்)

மாறாது, தங்கச்சி. தொடக்கத்தில் ஏறக்குறைய எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கணித பாடத்தில் = என்பது இரு பக்கமும் சமம் என்று சொல்கிறது; அங்கே மொத்தம் = மொத்தம் + 8 என்று எழுதினால் அது பொய். பைதனில் அது ஒரு கட்டளை: வலப்பக்கத்தை இப்போதே கணித்து, வந்த விடைக்கு இடப்பக்கத்துப் பெயரைச் சூட்டு. கொடுப்பனவு வரி ஓடிய நேரத்தில் மொத்தம் 16.5. அதில் 18 ஐக் கழித்தால் -1.5, அதை 40 ஆல் பெருக்கினால் -60.0. அந்த விடை அப்படியே நின்றுவிடும். பிறகு மொத்தம் எவ்வளவு மாறினாலும் பைதன் திரும்பிப் போய் மீண்டும் கணிக்காது. கொப்பியில் ஒவ்வொரு மாறிக்கும் ஒரு நிரை கீறி, ஒவ்வொரு வரி ஓடிய பின்பும் அதன் பெறுமானத்தை எழுதிப் பாருங்கள். பின்னர் கொடுப்பனவு வரியை மாலை வரிக்குக் கீழே கொண்டு செல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

சேர், கொப்பியில் எழுதும்போதே மூன்றாவது வரியில் 16.5 ஐக் கண்டுவிட்டேன். வரியை நகர்த்தியதும் 260.0 வந்தது. அம்மாவும் வாய்க்கணக்காகப் பார்த்து, ஆறரைக் கிலோவுக்கு 260 ரூபாய் சரி என்றார்.