அடிக்காமல் வழிக்குக் கொண்டுவருவது: சேலம், ஏற்காடு அனுபவங்கள்

அம்மாபேட்டை, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்:
"கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சுடுங்க சார்" என்று பையனை ஒப்படைத்துவிட்டுப் போகிற அப்பாக்கள் இன்னும் இருக்கிறார்கள். சிரித்துத் தலையாட்டாதீர்கள். பையன் காதுபடவே, "அடிக்க மாட்டோம்ங்க. ஏதாவதுன்னா உங்களைக் கூப்பிடுவோம், வந்துடுங்க" என்று சொல்லிவிட வேண்டும். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடியை மட்டுமல்ல, மனதைப் புண்படுத்துவதையும் தடுக்கிறது. "நீ தறிக்குத்தான் லாயக்கு" என்று வகுப்பு முன்னால் சொல்வதும் அதில் அடங்கும். அப்பா தறிக்காரர் என்றால் அது இரட்டை அவமானம்.

இங்கே பெரிய தலைவலி தாமதம். ராத்திரி ஷிப்ட் முடித்த அப்பா தூங்குவார், அம்மா தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருப்பார், தம்பியைக் கிளப்புவது அக்காவின் வேலை. அவளைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தினால் முதல் பாடவேளை போகும். அடுத்த முறை பத்து நிமிடம் தாமதமென்றால் அன்றைக்குப் பள்ளிக்கே வரமாட்டாள். முதலில் உள்ளே விடுங்கள். இடைவேளையில் வந்த நேரத்தையும் காரணத்தையும் ஒரு நோட்டில் அவளே எழுதட்டும். ஒரே வாரத்தில் மூன்று வரி சேர்ந்தால் வீட்டுக்குப் போன். நோட்டைப் புரட்டினாலே திங்கள் மட்டும்தானா, தினமுமா என்பது தெரிந்துவிடும்.

பெற்றோர் வந்ததும் பிள்ளையை வைத்துக்கொண்டு புகாரை ஆரம்பித்தால், வெட்கத்தில் அங்கேயே ஒரு அறை விழும். ஐந்து நிமிடம் தனியாகப் பேசுங்கள்: காலையில் வீட்டில் யார் யாருக்கு என்ன வேலை? பிறகு பிள்ளையைக் கூப்பிட்டு, ஒரே ஒரு மாற்றத்தை மூவரும் ஒத்துக்கொள்ள வேண்டும். பையும் சீருடையும் ராத்திரியே எடுத்து வைப்பது போல. நான்கு மாற்றம் கேட்டால் ஒன்றும் நடக்காது.

ஏற்காடு, விடுதிக் காப்பாளர்:
மலைமேல் விடுதிப் பள்ளி பழைய வழக்கம். இங்கே மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917இல் தொடங்கியது. விடுதியில் மரியாதை என்ற பேரில் சீனியர்கள் சின்னவர்களிடம் வேலை வாங்குவதுதான் சிக்கல். டிசம்பர் காலையில் வெந்நீர் அண்டாவைப் பார்த்தால் போதும். பெரியவர்கள் முந்திக்கொண்டால் ஆறாம் வகுப்புக்குப் பச்சைத்தண்ணீர். முதல் மணி சின்னவர்களுக்கு, ஆளுக்கு ஒரு வாளி. ஊற்றிக் கொடுக்கும் பொறுப்பைப் பதினொன்றாம் வகுப்புக்கு முறைவைத்துக் கொடுக்கலாம், ஆனால் காப்பாளர் பக்கத்தில் நிற்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் மொள்ளும் அந்த மக்கே செங்கோலாகிவிடும்.

தண்டனையாகத் தொடவே கூடாதவை: சாப்பாடு, தூக்கம், ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் போன். போனை நிறுத்தினால் பையன் சேலம் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பான். சுவரில் கிறுக்கினால் அந்தச் சுவரைத் துடைக்கட்டும். கழிப்பறை கழுவச் சொல்லாதீர்கள்.

எஸ்டேட் பக்கத்துப் பள்ளி ஆசிரியை:
காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் வருகை குறைவதை ஒழுங்கீனம் என்று பதிவேட்டில் ஏற்றாதீர்கள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, அவ்வளவுதான். சாயங்காலம் பழம் எடை போட்ட பிறகு போனால் அம்மாவைப் பிடித்துப் பேசலாம்.

சூரமங்கலம், ஒரு அம்மா:
வீட்டில் தோற்பது தண்டனையின் நீளத்தால். கோபத்தில் "ஒரு மாசம் செல்போன் கிடையாது" என்போம். மூன்றாம் நாள் பாட்டி எடுத்துக் கொடுத்துவிடுவார். ஒரு சாயங்காலம் மட்டும் என்று சொல்லி, பாட்டியிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்தால் நிற்கும். நம்மிடம் "வாங்க, போங்க" என்கிற பிள்ளை ஆட்டோக்காரரை "யோவ்" என்றால், முதலில் அப்பாவிடம் பேச வேண்டும்.

அம்மாபேட்டை ஆசிரியர்:
செல்போனில் ஒன்று சேர்க்க வேண்டும். கூடப் படிக்கிறவரைக் கேலி செய்து வீடியோ எடுத்திருந்தால், ஒரு சாயங்காலத் தண்டனை போதாது. அதை "ஆதாரம்" என்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், பரப்பியவர் நீங்களாகிவிடுவீர்கள். தலைமையாசிரியரிடம் நேரில் காட்டுங்கள். பாதிக்கப்பட்ட பிள்ளைக்குக் குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐக் கொடுங்கள், அவர்களே கூப்பிடலாம், காசு கிடையாது.