மறு: 'எசென்ஷியல் ஆயில்' – தமிழில் என்ன சொல்லலாம்?

> பைன் மர நூற்புழுக் கட்டுரையில் 'அத்தியாவசிய எண்ணெய்' என்றே போட்டுவிடலாமா? பல இடங்களில் அப்படித்தான் இருக்கிறது.

வேண்டாம் ஐயா. அத்தியாவசியப் பொருள்கள் சட்டம் 1955 என்கிறோமே, அந்த அத்தியாவசியம் வேறு. இங்கே பொருள் செடியின் சாரம்; பைன் மரத்தை வாட்டும் புழுவை அதனால் கொல்ல முடியுமா என்பதுதான் கட்டுரை. கேரளத்து மறையூரில் புல்தைலம் (எலுமிச்சைப் புல்லின் எண்ணெய்) காய்ச்சும் என் பெரியப்பாவுக்கு முதல் பத்தியை வாசித்துக் காட்டினேன். "ரேஷன் எண்ணெயை ஊத்தினா மரத்துப் புழு சாகுமா?" என்று கேட்டார். அவர் கையால் வடிக்கிற பொருள்தான் அது. அந்தச் சொல்லால் அவருக்கே புரியாமல் போயிற்று.

'நறுமண எண்ணெய்' பாதி சரி. ஆனால் கொரிய ஆய்வுக்கூடங்களில் இந்தப் புழுவை நன்றாகக் கொன்றவற்றில் இலவங்கப்பட்டையோடு பூண்டும் உண்டு. பூண்டை நறுமணத்தில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. 'வாசனை எண்ணெய்' என்றால் தலைக்குத் தேய்ப்பது.

என் பரிந்துரை: ஆவித்தைலம்.

தைலம் காய்ச்சும் கொப்பரைப் பக்கத்தில் நின்றால் காரணம் தெரியும். புல்லைத் திணித்து மூடி, அடியில் தீ மூட்டுகிறார்கள். ஆவி குழாய் வழியே தண்ணீர்த் தொட்டிக்குள் போய்க் குளிர்ந்து சொட்டுகிறது. நீருக்கு மேல் மஞ்சளாகத் தைலம் மிதக்கிறது. அதில் ஒரு சொட்டைக் காகிதத்தில் விடுங்கள், கறை கொஞ்சம் கொஞ்சமாக மறைந்துவிடும். கடலை எண்ணெய்க் கறை அப்படியே நிற்கும். இதன் பலமும் சிக்கலும் அந்த ஆவியில்தான். ஆவியாகவே புழுவைத் தாக்கும். ஆனால் தோப்பில் தங்காமல் பறந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் கொன்றது மரத்துக்குள்ளும் கொல்லுமா என்ற கேள்வி அதனால்தான் வருகிறது.

தைலம் என்றால் மருந்து என்று நினைப்பார்களே என்று அக்கா கேட்டிருந்தார். நீலகிரித் தைலமும் இதே வகைதானே அக்கா? எள்+நெய் எண்ணெய் ஆனது. தைலமும் திலம் என்ற எள்ளிலிருந்து வந்ததுதான். எள்ளை விட்டு இரண்டும் எப்போதோ வந்துவிட்டன.

அப்புறம், நெமடோடுக்கு 'நூற்புழு' நிலைத்துவிட்டது, அதை மாற்ற வேண்டாம். 'வேர்ப்புழு' என்று மட்டும் எழுதாதீர்கள். மிளகு, ஏலத்தின் வேரில் முடிச்சுப் போடுவது வேறு இனம். பைன் புழு சுமார் 1 மில்லிமீட்டர்தான் இருக்கும். வண்டின் மூச்சுக்குழாய்க்குள் ஒளிந்து வந்து, அது கடித்த காயம் வழியே மரத்துக்குள் இறங்குகிறது. மரத்தில் நீரேற்றம் நின்று மரம் வாடுகிறது. ஜப்பானில் 1905-லேயே இந்த வாடலைப் பதிந்துவிட்டார்கள். காரணம் இந்தப் புழுதான் என்று உறுதியாக 1971 ஆயிற்று.

கம்பம், குமுளிப் பக்கம் ஏலத்தைலம் வடிப்பவர்களிடம் இதற்கென்று வேறு சொல் புழங்கினால் எழுதுங்கள். என் சொல்லை எடுத்துவிட்டு அதையே போடலாம்.