மறுமொழி: அட்ஹியரன்ஸ் – ‘இணக்கம்’ வேண்டாம், ‘கைக்கொள்ளல்’ எப்படி?

அன்பின் நண்பர்களே,

அட்ஹியரன்ஸ் (adherence), அதாவது நோயாளி சிகிச்சையை விடாமல் கடைப்பிடிப்பது, அதற்குத் தமிழ்ச்சொல்லாக ‘இணக்கம்’ ஏற்கெனவே புழங்குகிறது, அதையே வைத்துக்கொள்வோம் என்று நேற்று எழுதியிருந்தீர்கள். நித்திரையில் மூச்சு விட்டுவிட்டு நிற்கும் நோய்க்கு (sleep apnea) ‘உறக்க மூச்சடைப்பு’ நல்ல சொல், அது இருக்கட்டும். ‘இணக்கம்’தான் எனக்கு ஒத்துவரவில்லை.

என் அப்பா சுன்னாகத்தில் எங்களோடு இருக்கிறார், வயது 72. மூச்சடைப்புக்குச் சீபாப் (CPAP) கருவி கொடுத்தார்கள்; நித்திரையில் முகக்கவசம் வழியே காற்றை அழுத்தி மூச்சுவழியைத் திறந்து வைப்பது அது. இரண்டு கிழமை அதோடு மல்லுக்கட்டினார். விடிய எழும்பினால் மூக்கும் தொண்டையும் வறண்டிருக்கும். முகக்கவசத்தின் ஓரத்தால் காற்று ஒழுகிக் கண்ணில் அடிக்கும். நடுச்சாமத்தில் கழற்றி வைத்துவிடுவார். அடுத்த முறை காட்டப் போனபோது, கருவியின் பதிவைப் பார்த்துவிட்டு அட்டையில் ‘சிகிச்சைக்கு இணங்கவில்லை’ என்று எழுதினார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா இதையே சொல்லிக்கொண்டு வந்தார்: “நான் மாட்டன் எண்டு எப்ப சொன்னனான்? மூக்கு காயுதெண்டுதானே சொன்னனான்.”

ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டு நடப்பது இணக்கம். கொம்பிளையன்ஸுக்கு (compliance, சொன்னபடி நடத்தல்) அது பொருந்தும். அட்ஹியரன்ஸ் வேறு. நோயாளியின் உடன்பாடும் சேர்ந்ததே அட்ஹியரன்ஸ் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2003ஆம் ஆண்டு அறிக்கை இரண்டையும் பிரித்தே பேசுகிறது. நாம் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் அந்த உடன்பாடு தமிழில் காணாமற் போய்விடும்.

‘சிகிச்சை ஒழுகல்’ என்று ஒருவர் தந்தது அழகான பழஞ்சொல். ஆனால் இந்தத் துறையில் கவசமும் ஒழுகும். ‘ஒழுக்கைத் திருத்தினால் ஒழுகல் கூடும்’ என்று எழுதினால் தாதிக்கும் விளங்காது, நோயாளிக்கும் விளங்காது.

ஆகவே ‘கைக்கொள்ளல்’. ஒரு தரம் ஏற்பதை மட்டும்தானே அது குறிக்கும் என்று கேட்கலாம். கந்தசஷ்டி விரதத்தை ஒருவர் கைக்கொண்டார் என்றால் ஆறு நாளும் இருந்தார் என்றுதானே எடுத்துக்கொள்கிறோம்? அதுவும் தன் விருப்பத்தோடு. எதிர்ச்சொல்லும் தயாராக இருக்கிறது: கைவிடல். எத்தனை மாதம் விடாமல் போனது என்பதற்கு ‘நீடிப்பு’ என்று தனியாக வைக்கலாம்.

வசனத்தில் போட்டுப் பார்த்தேன். சீபாப் பயன்பாட்டுக்கு அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்புறுதியான மெடிகேர் வைத்திருக்கும் அளவுகோல் இப்படி வரும்: ‘தொடர்ந்த 30 நாட்களில் 70 சதவீத இரவுகளிலாவது, இரவுக்கு 4 மணி நேரமோ அதற்கு மேலோ பயன்படுத்தினால் கைக்கொள்ளல் உண்டு.’ தடங்கல் இல்லாமல் ஓடுகிறது.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியரான கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் படிப்பித்த ஊர் இது. நாம் ஆக்கும் சொற்கள் நோயாளியின் காதுக்கும் போகும் என்பதை நாம் மறக்கக்கூடாது.

அப்பாவின் கதைக்கு வருகிறேன். பிறகு வேறொரு தாதி அவரைக் கவசத்தோடு படுக்கச் சொல்லிப் பார்த்து, ஒரு அளவு சின்னக் கவசம் கொடுத்தார். காற்றைச் சூடாக்கி ஈரமாக்கும் பெட்டியைக் கருவியோடு பூட்டினோம். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், அதனால் அந்தப் பெட்டிக்குக் காய்ச்சி வடித்த நீர்தான் விடுகிறோம். பகலில் தொலைக்காட்சி பார்க்கும்போதும் அரைமணி போட்டுப் பழகினார். அழுத்தம் மெல்ல மெல்ல ஏறும்படியும் அமைத்துக் கொடுத்தார்கள். இப்போது விடியும்வரை கழற்றுவதில்லை.

அட்டைப் படிவத்துக்கு நான் எழுதிய வரி இது, திருத்தித் தாருங்கள்:

‘கைக்கொள்ளல் நேரம்: இரவுக்கு ___ மணி. இடைஞ்சல் என்ன: ___’