பைபர் படகில் 15 கடல்மைல் போகணும், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

அண்ணன்மாரே, வணக்கம். தூத்துக்குடிப் பக்கம் நானும் தம்பியும் 28 அடி பைபர் படகு வைத்திருக்கிறோம். இதுவரை கரை தெரிகிற தூரத்தில்தான் தொழில். இனி தூண்டிலுக்கு 15 கடல்மைல், கிட்டத்தட்ட 28 கிலோமீட்டர், தள்ளிப் போக நினைக்கிறோம்.

பயம் இருக்கிறது. போன மாதம் 8 மைலில் எஞ்சின் நின்றுவிட்டது. எண்ணெய்க் குழாயில் தண்ணீர் இறங்கியிருந்தது, செல்லில் சிக்னல் இல்லை, தம்பி குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சி உறிஞ்சித் துப்பி ஒரு மணி நேரம் கழித்துத்தான் மோட்டார் பிடித்தது, அதற்குள் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எங்களை வெகுதூரம் தெற்கே இழுத்துவிட்டது.

2017 ஒக்கி புயலுக்குப் பிறகு வானிலை எச்சரிக்கை பார்க்காமல் நாங்கள் இறங்குவதில்லை. எண்ணெயும் போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு என்றுதான் ஏற்றுகிறோம். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554 தெரியும், ஆனால் சிக்னல் இல்லாத இடத்தில் அதை எப்படி அழைப்பது? அதனால் வி.எச்.எஃப் ரேடியோ வாங்கப் போகிறோம். கையில் பிடிக்கிற செட்டில், அவசர அழைப்புக்கான 16ஆம் சேனலில் பேசினால் அங்கிருந்து கரைக்கு எட்டுமா, இல்லை கம்பு நட்டு உயரத்தில் ஏரியல் கட்டணுமா? அப்புறம், சின்னதாக இரண்டாவது மோட்டார் அவசியமா? லைப் ஜாக்கெட் போட்டுக்கொண்டே கயிறு இழுக்க எது வசதி? தம்பிக்குப் போன மாசிதான் கல்யாணம் ஆனது, தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாக எழுதுங்கள்.