ஏழாம் மாதத்தில் கக்குவான் இருமல் ஊசி: குழந்தைக்கு என்ன பயன்?

கேள்வி (பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகி):
வணக்கம். இது எனக்கு இரண்டாவது பேறு. ஏழாம் மாதம் நடக்கிறது. மூத்தவனுக்கு இரண்டு வயது என்பதால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரண ஜன்னியைத் தடுக்கும் டிடி ஊசியில் பூஸ்டர் ஒன்று மட்டும் போட்டு அட்டையில் குறித்துவிட்டார்கள். ஓசூரில் ஸ்கேன் பார்க்கப் போனபோது, கக்குவான் இருமலையும் தடுக்கும் டிடாப் ஊசியையும் ஃப்ளூ ஊசியையும் போட்டுக்கொள்ளுமாறு மருத்துவர் சொன்னார். பிள்ளை பிறந்த பிறகு பிள்ளைக்கே போட்டால் போதாதா என்று என் மாமியார் கேட்கிறார். எது சரி?

பதில் 1 (ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர், காரிமங்கலம்):
தங்கையே, உங்கள் மாமியாரின் காலத்தில் ரண ஜன்னி கண்ட சிசுக்களை அவரே பார்த்திருக்கக்கூடும். நன்றாகப் பால் குடித்த குழந்தை, பிறந்த சில நாட்களிலேயே வாய் திறக்க முடியாமல் உடல் விறைத்துப்போகும். இந்தியாவில் தாய்க்கும் சிசுவுக்கும் வரும் ரண ஜன்னி ஒழிக்கப்பட்டதாக 2015இல் உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்ததற்கு, மருத்துவமனைப் பிரசவத்தோடு, தாய்மாருக்குப் போட்ட ஊசியும் காரணம். தாயின் கையில் போட்ட ஊசி பிள்ளையைக் காக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பதில் 2 (குழந்தை நல மருத்துவர், தருமபுரி):
குழந்தைக்குக் கக்குவான் இருமலைத் தடுக்கும் முதல் ஊசி, பென்டாவேலன்ட் என்ற பெயரில், ஆறாவது வாரத்தில்தான் போடப்படுகிறது. அந்த ஆறு வாரங்களில்தான் இந்நோய் மிகக் கொடியது: இத்தனை சிறிய குழந்தைக்குச் சில நேரம் இருமலே வராது; மூச்சு நின்று, உதடு நீலம் பாரிக்கும்போதுதான் வீட்டார் பதறுவார்கள். தாய்க்கு ஊசி போட்டால் அவர் உடலில் உருவாகும் ஐஜிஜி எனும் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவுக்குச் செல்கிறது. கடைசி மூன்று மாதங்களில் இது மிகுதியாகக் கடப்பதாலும், ஊசி வேலை செய்ய இரண்டு வாரமாவது தேவைப்படுவதாலும், 27 முதல் 36 வாரத்துக்குள் போடுவது நல்லது. பிரிட்டனில் 2012இல் கர்ப்பிணிகளுக்கு இதைத் தொடங்கியபோது, மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளிடம் நோய் ஏறத்தாழ 90 சதவீதம் தடுக்கப்பட்டது தெரியவந்தது. டிடி அண்மையில் போட்டிருப்பது இதற்குத் தடையில்லை. கைவலி சற்றுக் கூடலாம், அவ்வளவே.

ஃப்ளூ ஊசியில் இருப்பது செயலிழந்த கிருமி என்பதால் எந்த மாதத்திலும் போடலாம். கர்ப்ப காலத்தில் ஃப்ளூ கடுமையாகும் ஆபத்து இருப்பதால் இது முதலில் உங்களுக்கே தேவை. தட்டம்மை, ரூபெல்லா போன்ற உயிருள்ள கிருமி ஊசிகளைத்தான் பேறுகாலத்தில் தவிர்க்க வேண்டும்.

ஒன்றை மாமியாரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். தாய் தரும் எதிர்ப்பொருள் இரவல் நகை போன்றது. சில மாதங்களில் கரைந்துவிடும். சீம்பாலும் தாய்ப்பாலும் வேறு வகைப் பாதுகாப்பைத் தருகின்றன என்றாலும், குழந்தையின் சொந்த ஊசிகளுக்கு அவை ஈடாகா.

பதில் 3 (அரூரிலிருந்து ஒரு தாய்):
அக்கா, நான் இரண்டும் போட்டுக்கொண்டேன். கை வலித்தது, லேசான காய்ச்சலும் அடித்தது, பிறகு ஒன்றுமில்லை. டிடி அரசு நிலையத்தில் இலவசம், டிடாப்பை வெளியில் வாங்க ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது என்பது நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு உண்மையான சிரமம்தான். அது முடியாதவர்கள், இருமல் உள்ள யாரையும் குழந்தையைத் தூக்க விடாமல், ஆறு வாரம் முடிந்த உடனே வரும் புதன்கிழமையே தடுப்பூசிக்குக் கொண்டுபோய்விடுங்கள். சளி, திருவிழா என்று தள்ளிப்போட வேண்டாம்.